ஒரு டைல்ஸ் தூரம்

அம்மாவின் கைத்தடி முதல் முறையாகத் தரையில் தட்டியபோது செவலை குரைக்கவில்லை, ஊளையிடவும் இல்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உணர்வற்ற பின்பாதியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் போன வழியில் ஈரக்கோடு விழுந்திருந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்னைப் பார்த்தா இப்படிப் பயப்படுது?"

"உன்னைப் பார்த்து இல்லம்மா. கையில இருக்கறதைப் பார்த்து."

அம்மா கைத்தடியை வெளி வராந்தாவில் சாத்தி வைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு நடந்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவள்.

இதெல்லாம் தொடங்கியது 2019 ஆகஸ்டில். மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு, நானும் அம்மாவும் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பழைய பேப்பரும் கிழிந்த பெட்ஷீட்டும் நாய்க் காப்பகத்துக்குத் தேவைப்படும் என்று யாரோ சொல்ல, இரண்டு மூட்டை கட்டி ஸ்கூட்டியில் எடுத்துப் போனேன். நாய் எடுத்து வரும் எண்ணமெல்லாம் அன்றைக்கு இல்லை.

காப்பகத்தின் முன்பக்கக் கூண்டுகளில் குட்டிகள் இருந்தன. பார்க்க வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். மூட்டையை வைக்கப் பின்கட்டுக்குப் போனவள் நான். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கொட்டகை. மூன்று காலில் நின்றவை, கண் மூடிப் போனவை, தலை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தவை என்று பத்துப் பன்னிரண்டு நாய்கள். மூலையில் செம்மண் நிறத்தில் ஒருத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். முதுகில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடங்களில் முடி இல்லை. தோல் இழுத்துப் பளபளத்தது.

"அது கொதிக்கிற எண்ணெய் டீச்சர்" என்றார் அங்கே வேலை பார்க்கும் அண்ணன். "அது பழசு. முதுகு உடைஞ்சது அப்புறம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி எச்சில் இலைக்கு வந்திருக்கு. யாரோ கம்பியால போட்டுட்டாங்க."

புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். யார் மேல் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். பார்த்தவர்கள் இருந்தார்கள். சொல்ல யாரும் வரவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டினுடையது. அதற்கு வித்திட்டவர் நம் ஊர் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை நடத்திய ருக்மிணி தேவி. மாநிலங்களவையில் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததை, அரசே கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் திரும்பப் பெற்றார். 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டப்படி முதல் தடவை வதைத்தவனுக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் 50 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய பணம். நான் செவலையைப் பார்த்த 2019-இலும் எண் அதேதான். அவளுடைய எக்ஸ்ரே ஒன்றுக்கே அதைப்போலப் பல மடங்கு ஆகியிருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-ஆம் பிரிவில், எந்த விலங்கையும் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அந்த விலங்கு எத்தனை ரூபாய் பெறும் என்று முதலில் பார்த்தார்கள். அந்தக் கேள்வி போனதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரில் ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும்.

எனக்கு நாய் பிடிக்கும் வண்டி நினைவிருக்கிறது. சின்ன வயதில் சைதாப்பேட்டையில் இருந்தோம். மெட்ராஸ் மாநகராட்சியின் வண்டி தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் ஓடிப்போய் நாய்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவோம். பிடித்துக்கொண்டு போனவற்றை மின்சாரம் வைத்துக் கொன்றார்கள். கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டால் போதும் என்று புளூ கிராஸ் 1964-இலிருந்தே செய்து காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. விமானி வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-இல் தங்கள் வீட்டில் தொடங்கிய அமைப்பு அது. மாநகராட்சி அதைக் காதில் வாங்க 1996 ஆனது. எங்கள் வீட்டு வாசலில் சோறு தின்ற வெள்ளை நாயை ஒரு நாள் காலை நாங்கள் எழுவதற்கு முன்பே கொண்டுபோயிருந்தார்கள். அன்றைக்கு அம்மா சோற்றை வடித்து ஒரு கைப்பிடி வழக்கம்போல வாசலில் வைத்துவிட்டு, பிறகு அதை அவளே எடுத்துக் கொட்டியதைப் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் நாய்ப் பேச்சே இல்லை.

அடுத்த ஞாயிறும் காப்பகத்துக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். நான்காவது வாரம் அவளை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் உடனே சரி என்று சொல்லவில்லை.

"பாவம்னு எடுத்துட்டுப் போறவங்க மூணு மாசத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுடறாங்க டீச்சர். நாத்தம் தாங்கலைன்னு. ஒரு தடவை வீட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வந்த நாய் அப்புறம் சோறே தின்னாது."

மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் போன முதல் மருத்துவர், பின்னங்கால் விரல் எலும்பை இடுக்கியால் அழுத்திக் காட்டினார். கால் விசுக்கென்று உள்ளே போனது. உணர்வு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். "அவ முகத்தைப் பாருங்க" என்றார். செவலை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கால் தானாக இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் வேலை. வலி மூளைக்குப் போயிருந்தால் தலையைத் திருப்பியிருப்பாள், கத்தியிருப்பாள். அடிபட்டு மாதக்கணக்காகியும் ஆழமான வலி தெரியாத நாய் மறுபடி நடப்பது அரிது. ஊசி போட்டு முடித்துவிடலாம், அதுதான் கருணை என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வலி அடங்காத நாய்க்கு, மூச்சுக்குத் திணறும் நாய்க்கு அந்த ஊசி கருணைதான். செவலைக்கு வலி இல்லை. பசி இருந்தது. காக்கா கத்தினால் காது நிமிர்ந்தது. அவளுக்கு இருந்தது பயம். பயத்துக்கு ஊசி போட நான் சம்மதிக்கவில்லை.

முதல் பதினைந்து நாள் அவளைக் கொஞ்சக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். "சோறு வைங்க, தண்ணி வைங்க, மூத்திரம் எடுங்க. மத்த நேரம் அது இருக்கறதே தெரியாத மாதிரி இருங்க." நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு இடி இடித்தது. கட்டிலுக்கடியில் உடம்பெல்லாம் நடுங்கக் கிடந்தாள். மனசு பொறுக்காமல் குனிந்து இரண்டு கையாலும் அவளை அணைத்தேன். இடது மணிக்கட்டில் நான்கு பல் இறங்கியது.

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அவளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கினேன். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இதில் யாரும் ஒரு நாளும் அசட்டையாக இருக்க வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

அந்த இருபத்தெட்டு நாளும் அந்த இரவைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நான் குனிந்தபோது அவள் உதட்டை நக்கினாள். பிறகு கொட்டாவி விட்டாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்தாள். நாய் பேசும் மொழியில் அவை ஒவ்வொன்றும் 'வேண்டாம்' என்ற சொல். மூன்று தடவை சொல்லிவிட்டு நான்காவதாகத்தான் கடித்தாள். அவள் உறுமவே இல்லை. எப்போதோ உறுமியதற்கு அடி வாங்கி அதை விட்டுவிட்டிருந்தாள். உறுமினால் நாயை அதட்டுகிறவர்களை இப்போது பார்த்தால் நிறுத்திச் சொல்கிறேன்: உறுமல் அது நமக்குத் தருகிற எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை மட்டும்தான் போகும், கடி போகாது. ஆறு மாதம் கழித்து, தட்டின் பக்கம் நான் கையைக் கொண்டுபோனபோது செவலை முதல் முறையாக உறுமினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொடாமல் இருப்பது எப்படி? அவளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. பை நிரம்பி வழியும், காலியாகாது. தேங்கினால் கிருமி, கிருமி மேலேறினால் சிறுநீரகம் போய்விடும். ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றை அமுக்கி எடுத்தாக வேண்டும். பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து, பின்வயிற்றில் பந்துபோல உருளும் பையைக் கண்டுபிடித்து, விடாமல் மெதுவாக அழுத்த வேண்டும். "எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி பிழியாதீங்க டீச்சர். தண்ணி நிரப்பின பலூன்னு நினைச்சுக்கங்க" என்று அண்ணன் என் கைமேல் தன் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தார். எனக்கு வசப்பட ஒன்பது நாள் ஆனது.

பயந்த நாயை நான்கு வேளையும் தொட ஒரே வழிதான் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் எதுவும் அவள்மேல் படக் கூடாது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்தரை. அதே பச்சைத் துண்டு, அதே பேசின், அதே "வா, எடுத்துடலாம்" என்ற சொல். முதல் மாதம் வாய்க்கூடு போட்டுத்தான் செய்தேன். முடிந்ததும் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. பச்சைத் துண்டு இல்லாத நேரத்தில் என் கை அவளைத் தொடாது என்பதை அவள் தெரிந்துகொண்ட பிறகுதான், பச்சைத் துண்டைப் பார்த்ததும் நடுங்குவதை நிறுத்தினாள். காப்பகத்து அட்டையில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதற்கு அவள் திரும்பியதே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து "ஏ செவலை" என்று கூப்பிட ஆரம்பித்த சில வாரத்தில் ஒரு காது மட்டும் திரும்பியது. அதுவே பெயராகிவிட்டது.

பன்னிரண்டு மணி வேளைக்கு ஸ்கூட்டியில் ஓடி வந்துவிட்டுத் திரும்புவேன். அக்டோபரில் ஒரு நாள் பரீட்சை மேற்பார்வை, விட மாட்டேன் என்றுவிட்டார்கள். மாலை பதறிக்கொண்டு வந்தால் பேசின் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

"எடுத்துட்டேன்" என்றாள் அம்மா. "கலங்கலா இருந்துச்சு. உங்க அப்பாவுக்கு ட்யூப் போட்டிருந்தப்ப இப்படித்தான் கலங்கும், மறுநாள் காய்ச்சல் வரும். டாக்டர்கிட்ட காட்டு."

அப்பா பக்கவாதத்தில் நான்கு வருடம் கிடந்தார். அவருக்குச் செய்த கை அது. பரிசோதனையில் கிருமி இருந்தது. மருந்து பத்து நாள். அதற்குப் பிறகு பகல் வேளை அம்மாவுடையது. கீழே உட்கார முடியாது என்பதால் முக்காலி போட்டு உட்கார்ந்து, செவலையின் இடுப்பை முழங்காலில் சாய்த்துக்கொள்வாள். பன்னிரண்டு மணிக்கு முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதும் செவலை தானாகவே தவழ்ந்து அவளிடம் போவாள். என்னிடம் அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

கைத்தடிதான் பாக்கி. அம்மா அதைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சுவரில்லாத இடத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். விழுந்து இடுப்பு உடைந்தால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயம். நாய்களின் நடத்தை பற்றித் தெரிந்தவர்கள் சொன்ன முறையை எங்கள் ஹாலுக்கு ஏற்ற மாதிரி வகுத்துக்கொண்டேன். தரையில் இரண்டடி டைல்ஸ். கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஏழு. ஏழாவதில் கைத்தடியைப் படுக்க வைத்தேன். கட்டிலோரம் செவலையின் தட்டு. தடி கிடக்கும்போது அவள் நிம்மதியாகத் தின்றால் மறுநாள் ஒரு டைல்ஸ் முன்னால் வரும். உதட்டை நக்கினாலோ, சோற்றைத் தொடாவிட்டாலோ இரண்டு டைல்ஸ் பின்னால் போகும்.

அந்த ஏழு டைல்ஸைக் கடக்க அறுபத்து மூன்று நாள் ஆனது. நாலாவது டைல்ஸில் மட்டும் மூன்று வாரம் நின்றோம். தடி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தும் அவள் தின்ற அன்று வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அதைச் சுவரில் சாத்தி நிறுத்தியதும் மறுபடி கட்டிலுக்கடியில் போனாள். படுத்திருக்கும் தடி வேறு, நிற்கும் தடி வேறு, மனுஷர் கையில் இருக்கும் தடி வேறு. அவள் கணக்கில் மூன்றும் தனித்தனி. ஒவ்வொன்றையும் ஏழாவது டைல்ஸிலிருந்து தொடங்கினோம். அம்மா அலுத்துக்கொள்ளவில்லை. "அதுக்கு இன்னிக்கு மனசில்ல, விடு" என்று அவளே தடியைப் பின்னால் நகர்த்துவாள். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நாள் ஒன்றில், அம்மா தடியைத் தட்டி ஹாலைக் குறுக்கே கடந்தாள். செவலை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தாள்.

தென்னந்துடைப்பத்தின் பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. எத்தனையோ முயன்றோம். பிறகு அவளை மாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு பெருக்கினோம்.

அவளுடைய சக்கர வண்டி ஒரு பிளம்பர் தம்பி செய்தது. தண்ணீர்த் தொட்டி வேலைக்கு வந்தவர், அவள் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு நூல் வாங்கி அளவெடுத்தார். முக்கால் இஞ்ச் பிவிசி பைப், எட்டு எல்போ, நாலு டீ, குழந்தை சைக்கிளின் சப்போர்ட் வீல் இரண்டு. கால் நுழைக்கிற இடத்துக்கு அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துத் தைத்தோம். புதுத் துணி தோலை அறுக்கும். பைப்பைக் கையில் பிடித்த ஆளைப் பார்த்தால் அவள் செத்தே போவாள் என்று சொன்னதும், வெட்டுவது ஒட்டுவது எல்லாவற்றையும் தன் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதைப் பழகவும் வாரக்கணக்கானது. பிறகு மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் காக்காயைத் துரத்திக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினாள். ஒரு வேளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பூட்ட மாட்டோம். அதற்கு மேல் போனால் இடுப்பில் புண் வரும். அவளுக்கு வலிக்காது என்பதால் நாம்தான் தினமும் தடவிப் பார்க்க வேண்டும்.

செலவைப் பலர் கேட்பார்கள். மாதம் மூவாயிரம் ரூபாய் பக்கம் ஆனது. வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து போனதில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று மடிப்பாக்கத்தில் தெருவும் வாசலும் ஒன்றாயின. விடியற்காலை தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. அம்மாவை முதலில் மாடிக்கு ஏற்றினேன், பிறகு பதின்மூன்று கிலோ செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். மாடிவீட்டு அம்மா நாற்றம் என்று ஒரு காலத்தில் சண்டை போட்டவர். கதவைத் திறந்து, கேட்காமலேயே பழைய புடவையைத் தரையில் விரித்தார். மூன்று நாள் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவு பத்தரைக்கு நான் வயிற்றை அமுக்க, அவர் பேசினைப் பிடித்தார்.

2025 மார்ச்சில் சிறுநீரகம் கைவிட்டது. எத்தனை தடவை மருந்து கொடுத்தாலும் கிருமி திரும்பத் திரும்ப வந்ததன் முடிவு அது. வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். கடைசி வாரம் ஈரலைக்கூட முகர்ந்துவிட்டு விட்டாள். அப்போது ஊசிக்கு நானே சம்மதித்தேன். வீட்டிலேயே, கட்டிலோரம், பச்சைத் துண்டின்மேல். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், தடி அவள் மடியில் இருந்தது.

ஐந்தரை வருடம் எங்களோடு இருந்தாள்.

ஜூனில் அதே காப்பகத்துக்குப் போய்க் கருப்பியைக் கொண்டுவந்தோம். டிஸ்டெம்பர் வந்து பிழைத்தவள். நோய் போனாலும் இடது முன்னங்கால் தூக்கத்திலும் துடித்துக்கொண்டே இருக்கும். குட்டியாக இருந்தபோது ஆறாவது வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியைப் போட்டிருந்தால் இது வந்திருக்காது. இப்போது அவளுக்கு விளக்கைப் போடும் சுவிட்ச் சத்தம்தான் பயம். அம்மாவுக்கு எண்பத்திரண்டு. முக்காலியில் உட்கார்ந்து வெறும் சுவிட்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழாவது டைல்ஸில், தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் ஊரிலும் ஒரு காப்பகம் இருக்கும். போனால் குட்டிகள் இருக்கும் முன்கூண்டுகளோடு நின்றுவிடாதீர்கள். அவற்றை எடுக்க ஆள் வருவார்கள். பின்கட்டுக்குப் போங்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒன்றின் எதிரில், நான்கைந்து டைல்ஸ் தள்ளி, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கையை நீட்ட வேண்டாம். அடுத்த ஞாயிறும் போங்கள்.